பாராசூட்காரி புருஷனும் ஏர்போர்ட் சோதனையும்

ப்ளேன்ல இருந்து குதிக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. குதிக்கிற மூட்டையை ஏர்போர்ட் வாசல் தாண்டி உள்ள கொண்டு போறதுதான் வித்தை.

இதைப் படிக்கிறவங்கள்ல பொண்டாட்டியோட வீணையையோ, மச்சினனோட ஆர்மோனியத்தையோ, அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கின கிரைண்டரையோ தூக்கிட்டு ப்ளேன் ஏறப் போய், "இதென்ன?"ன்னு போலீஸ்காரர் கேட்டதும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு நின்னவங்க யாராச்சும் இருந்தா, வாங்க, இப்படிப் பக்கத்துல உக்காருங்க. நாம ஒரே கூட்டம்.

நான் ஏற்காடு மலையில, கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டுல ரைட்டரா இருந்தவன். ஆள் கணக்கு, பழக் கணக்கு, லாரிக்குப் பர்மிட் எழுதறது, இதுதான் என்ற பொழப்பு. ஊட்டுக்காரி பேரு எஸ்தர். ஏற்காட்டுல ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். காலேஜ்ல என்.சி.சி.யில இருந்தப்பவே பாராசூட்டுல குதிக்கப் பழகிட்டவ. பொண்ணு பாக்கப் போனப்ப, "பொண்ணு பாடுமா?"ன்னு எங்கம்மா கேட்டாங்க. "பாட வராதுங்க, குதிக்க வரும்"னு பதில் வந்துச்சு. பி.டி. டீச்சர்தானே, குதிக்கட்டும்னு நிச்சயம் பண்ணிட்டு வந்துட்டோம்.

எனக்கோ உயரம்னாலே ஆகாது. கரடியூர் வியூ பாயிண்டுக்கு விருந்தாளிகளைக் கூட்டிட்டுப் போனா, அவங்க விளிம்புல நின்னு வேடிக்கை பாப்பாங்க. நான் ரோட்டோரமா நின்னு அவங்க பையைப் பாத்துக்குவேன். சேலத்துக்குப் பஸ் இறங்கறப்ப ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் கண்ணை மூடிக்குவேன். இப்படிப்பட்டவனைப் பாத்து என்ற மாமியார், "மாப்பிள்ளை கூடப் போனா எஸ்தர் குதிக்கட்டும், இல்லாட்டி வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. நான் கூடப் போனா பாராசூட் நல்லா விரியும்னு எதை வெச்சு நம்பினாங்களோ, இன்னிக்கும் எனக்குத் தெரியாது. லீவு விட்டா போதும், அவ குதிக்கப் போவா, நான் மூட்டை தூக்கப் போவேன். இது எண்பதுகள்ல ஆரம்பிச்சு தொண்ணூறுகள் வரைக்கும் நடந்துச்சு.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைங்க. பொம்பளைங்க டீம்ல ஒருத்தியா வெளிநாட்டுப் போட்டி ஒண்ணுல குதிச்சுடணும். அதுக்கான தேர்வு வடக்க நடக்கும். மொத தடவை கூப்பிட்டப்ப மழை பெஞ்சு கெடுத்துச்சு. ரெண்டாவது தடவை வயித்துல எங்க பொண்ணு இருந்தா. மூணாவதா கூப்பிட்டப்ப, "இதுக்கு மேல வயசு ஒத்துக்காது, இதுதான் கடைசி"ன்னு சொல்லியே கூப்பிட்டாங்க.

நடுவுல நான் எங்க வர்றேன்னு கேக்கறீங்களா? மூட்டைக்குள்ள ரெண்டு பாராசூட் இருக்கும். பெருசை எஸ்தரே மடிச்சுக்குவா. அது விரியாமப் போனா காப்பாத்தறதுக்குன்னு மேல இன்னொண்ணு இருக்கும், ரிசர்வுனு பேரு. அதை லைசென்ஸ் வாங்கினவர்தான் மடிக்கணும். மடிச்சு, சிவப்பு நூல் கட்டி, மிளகு சைசுல ஒரு ஈய முத்திரை அடிச்சுத் தருவார். தெக்க எங்களுக்குத் தெரிஞ்சு அப்படி ஒருத்தர்தான், பெங்களூர்ல இருந்தார். நூல் அறுந்துச்சுன்னா முடிஞ்சுது, குதிக்க விட மாட்டாங்க. அந்த ரிசர்வுக்கு ஒரு கைப்பிடி உண்டு. வெள்ளி டம்ளர் மாதிரி பளபளன்னு இருக்கும். சோதனை போடற ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் கை நேரா அதுக்குத்தான் போகும். அதை யாரும் இழுக்காமப் பாத்துக்கறதுதான் என்ற உத்தியோகம். சம்பளம் கிடையாது.

அதுவும் விரியலைன்னா?

மொத மொதல்ல மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு மூட்டையோட போனப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது. எக்ஸ்ரே மெஷின்ல மூட்டை உள்ள போச்சு. டி.வி. பொட்டியைப் பாத்துக்கிட்டிருந்தவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு. கம்பி, வளையம், ஸ்பிரிங்குன்னு என்னென்னமோ தெரிஞ்சிருக்கு. "இதுல என்ன?"ன்னார். "பாராசூட்டுங்க"ன்னேன். "எதுக்கு?" "குதிக்கங்க." "எப்ப?" இந்த இடத்துல "நாளைக்கு"ன்னு சொல்லியிருந்தா ஒரு வம்பும் இல்லை. நான் பயத்துல, "ப்ளேன் மேல போனதும்"னு சொல்லித் தொலைச்சேன்.

அப்புறம் என்ன, ஓரமா நிக்க வெச்சுட்டாங்க. எஸ்தர் வந்து, அது வேற ப்ளேன், நாங்க போற ஊர்ல இருக்குது, அதுல இருந்துதான் குதிப்போம்னு பொறுமையா விளக்கினா. இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். ஆர்வமாக் கேட்டுக்கிட்டார். "சரிம்மா, பெரிய பாராசூட் விரியலைன்னா?" "ரிசர்வு இருக்குங்க." "அதுவும் விரியலைன்னா?" எஸ்தர் என்னைத் திரும்பிப் பாத்துட்டு, சிரிக்காம சொன்னா:

"அதுக்குத்தாங்க இவரைக் கூட்டிட்டு வர்றேன், ஊட்டுக்குச் சேதி சொல்ல ஆள் வேணுமில்லீங்க?"

பூஜ்யம் வெச்ச இடம்

குதிக்கிறவங்க கையில உயரம் காட்டற மீட்டர் ஒண்ணு கட்டிக்குவாங்க. பாக்க வாட்ச் மாதிரி இருக்கும், கொஞ்சம் பெருசு. மூட்டையில வெச்சா அதுக்கொரு கேள்வி வருமேன்னு, நானே புத்திசாலியா என்ற கையில கட்டிக்கிட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி முள்ளைப் பூஜ்யத்துல வைக்கணும்னு எஸ்தர் சொல்லிக் கேட்டிருக்கேன். எந்த ஊர்ல போய் இறங்குவாங்களோ அந்தத் தரையில வெச்சுப் பூஜ்யம் பண்ணணும்ங்கறது எனக்குத் தெரியலை. கொட்டச்சேட்டுல, எங்க ஊட்டு வாசல்ல நின்னு, பூஜ்யம் வெச்சுக் கட்டிக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.

மெட்ராஸ்ல போலீஸ்காரர், "வாட்ச்சைக் கழட்டுங்க"ன்னார். "வாட்ச் இல்லைங்க, நாம தரையில இருந்து எவ்வளவு உயரத்துல இருக்கோம்னு காட்டும்"னு நீட்டினேன். மலை மேல பூஜ்யம் வெச்ச முள்ளு, சமுத்திரக் கரைக்கு வந்ததும் பூஜ்யத்துக்கும் கீழ போய்த் திணறிக்கிட்டு நின்னுச்சு. அவர் குனிஞ்சு பாத்தார். என்னைப் பாத்தார். மறுபடி முள்ளைப் பாத்தார்.

"சார், இது சொல்றபடி பாத்தா, நம்ம ரெண்டு பேரையும் புதைச்சு ரொம்ப நாளாச்சு."

எடை போதாது

எஸ்தர் ஒல்லி. கூடக் குதிக்கிறவங்க நல்ல ஆகிருதி. எல்லாரும் சேர்ந்தாப்புல விழுந்தாத்தான் ஆகாயத்துல கை கோர்க்க முடியும். இவ மட்டும் சருகு மாதிரி மேலயே நின்னுக்குவா. அதுக்காக இடுப்புல ஈயக்குண்டு நிரப்பின பட்டை ஒண்ணு கட்டிக்குவா. ஈயக்குண்டை நான்தான் சேலத்துல மீன்வலைச் சாமான் விக்கிற கடையில வாங்கினேன். லக்கேஜ்ல போட்டா எடை கூடிப்போகும்னு, கைப்பையில வெச்சுத் தோள்ல மாட்டிக்கிட்டு, ஒண்ணுமில்லாத மாதிரி நடந்தேன். ஒரு தோள் மட்டும் காது பக்கம் ஏறி, இன்னொண்ணு முழங்கால் பக்கம் இறங்கி நடக்கிறவன் ஒண்ணுமில்லாத மாதிரி நடந்தா எப்படி இருக்கும்னு நீங்களே நினைச்சுக்குங்க.

பட்டையை அவுத்தாங்க. குண்டு பூரா மேசையில கொட்டி, தரையில உருண்டு, பின்னாடி வந்த ஒரு அம்மாவோட செருப்புக்கடியில புகுந்துச்சு. "துப்பாக்கி எங்க?"ன்னாங்க. "மலையில இருக்கீங்க, காட்டுப்பன்னி சுடறீங்களா, லைசென்ஸ் இருக்கா?"ன்னாங்க. நான் கையைக் காலை ஆட்டி, "சுடறதுக்கில்லைங்க, என்ற சம்சாரம் இடுப்புல கட்டிக்கறதுக்குங்க, எடை போதலைங்க"ன்னேன். எஸ்தரை மேலயும் கீழயும் பாத்துட்டு, ஏட்டய்யா ரொம்பக் கண்டிப்பாச் சொன்னார்:

"எடை போதலைன்னா நேரத்துக்குச் சோறு போடுய்யா. ஈயத்தைக் கட்டி அனுப்பறியே, நீயெல்லாம் ஒரு புருஷனா?"

ஒருத்தரா, ரெண்டு பேரா

நடுவுல கொஞ்ச காலம் சேலத்துல இருந்தே மெட்ராசுக்குச் சின்ன ப்ளேன் விட்டாங்க. பஸ்ஸு மாதிரிதான் இருக்கும், சத்தம் ஜாஸ்தி. அன்னிக்குச் சோதனையெல்லாம் சுலபமா முடிஞ்சுது. லக்கேஜ்ல போட்டா எவனாச்சும் கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கிப்புடுவான்னு, மூட்டையைப் பச்சப்புள்ளை மாதிரி மடியில வெச்சுக்கிட்டேன். பக்கத்து சீட்டுல சேவாப்பேட்டை மளிகை மண்டிக்காரர் ஒருத்தர். "ஏனுங்க, மடியில என்னங்க, படுக்கைங்களா?"ன்னார். பொய் சொல்ல வாய் வரலை. "பாராசூட்டுங்க"ன்னேன்.

அவர் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காந்தார். முன் சீட்டுக்காரர் காதுல ஏதோ சொன்னார். அவர் அதுக்கு முன்னாடி சீட்டுக்காரர் காதுல சொன்னார். கொஞ்ச நேரத்துல ப்ளேன் பூரா என்னைத் திரும்பிப் பாக்குது. "இவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. ஏர் ஹோஸ்டஸ் பொண்ணு வந்து குனிஞ்சு, "சார், இனி யாராவது கேட்டா போர்வைன்னு சொல்லிடுங்க சார்"னு கெஞ்சிட்டுப் போச்சு. அந்த நேரம் பாத்து ப்ளேன் ஒரு குலுக்குக் குலுக்குச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டு மூட்டையை இறுக்கிக் கட்டிப் பிடிச்சேன். அதைப் பாத்ததும் நாலஞ்சு பேர் ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. மண்டிக்காரர் மட்டும் வியாபாரி இல்லீங்களா, நிதானமா என்ற பக்கம் சாஞ்சு கேட்டார்:

"தப்பா நினைச்சுக்காதீங்க. அது ஒருத்தரைத்தான் தாங்குங்களா, சேர்ந்தாப்புல ரெண்டு பேரைத் தாங்குங்களா?"

பர்மிட் எழுதறவன்

இதைச் சொல்ல எனக்கே வெக்கமா இருக்குது. ஒரு தடவை எஸ்தர் ஏரிக்கரையில போய் இறங்கி, பெரிய பாராசூட் நனைஞ்சு போச்சு. ஊருக்கு வந்தா ஒரு வாரமா ஒரே மூடுபனி. நைலான் துணி, விட்டா பூஞ்சணம் பிடிச்சுக்கும். வெயில் லேசாத் தலைகாட்டின ஒரு நாள், எஸ்டேட்டுல காபி காயப்போடற களத்துல ஓரமா ஒரு இடம் பாத்து நானே விரிச்சுட்டேன். இந்தப் பாராசூட் குடை மாதிரி வட்டமா இருக்காதுங்க. தலகாணி உறையை வரிசையாச் சேர்த்துத் தெச்ச மாதிரி இருக்கும். காத்தடிச்சா ஒவ்வொரு உறையும் வாயைத் திறந்து காத்தைக் குடிக்கும். அன்னிக்குக் காத்தோட பக்கத்துல காஞ்ச காபிக் கொட்டையையும் குடிச்சிருக்குது. பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா அவசரம். மைதானத்துல போய் ஒழுங்கா மடிச்சுக்கலாம்னு எஸ்தர் அப்படியே சுருட்டி வெச்சுட்டா.

ஏர்போர்ட்ல அன்னிக்கு ஒரு ஆபீசர், "பிரிச்சுக் காட்டுங்க"ன்னு நின்னுட்டார். ரிசர்வைத் தொட மாட்டேன், பெருசை மட்டும் காட்டறேன்னு எஸ்தர் துணியை உருவி ஒரு உதறு உதறினா. சோன்னு மழை மாதிரி கொட்டுச்சுங்க காபிக் கொட்டை. அந்தக் காலத்துல காபி நம்ம களத்துல காஞ்சாலும் நம்ம இஷ்டத்துக்கு எடுத்துட்டுப் போக முடியாது, பர்மிட் வேணும். "பர்மிட் எங்க?"ன்னார் ஆபீசர். தினமும் லாரி லாரியா பர்மிட் எழுதறவன் நான். ஒரு படி காபியோட கள்ளக் கடத்தல்காரன் மாதிரி முழிக்கிறேன். வேலையே போயிடும்னு பயம் வந்துடுச்சு. உள்ளதை உள்ளபடி சொன்னேன். களம், பனி, தலகாணி உறை, எல்லாத்தையும். அவர் ஒரு கொட்டையை எடுத்து நகத்தால தோலை உரிச்சு, மோந்து பாத்துட்டு, "நான் கும்பகோணத்துக்காரன்"னார். எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம் மூட்டையைக் காட்டிக் கேட்டார்:

"சரி, சிக்கரியை எதுல வெச்சிருக்கீங்க?"

கைப்பிடி என் கையில

இனி கடைசித் தேர்வு. பெங்களூர்க்காரர் ரிசர்வைப் புதுசா மடிச்சு, நூல் கட்டி, முத்திரை அடிச்சுக் கொடுத்தார். சர்ச் உபதேசியார் ஊட்டுக்கு வந்து எஸ்தர் தலையில கை வெச்சு ஜெபம் பண்ணிட்டு, என்ற தலையிலயும் கொஞ்ச நேரம் அதிகமாவே கை வெச்சார். மெட்ராஸ் தாண்டிட்டோம். நடுவுல ஒரு பெரிய ஊர்ல இறங்கி வேற ப்ளேன் மாறணும். எந்த ஊர்னு சொல்ல மாட்டேன். மறுபடி அந்த வழியாப் போக வேண்டி வந்தா?

ஏர்போர்ட்ல பொம்பளைங்களைத் தனியாத் திரை போட்ட கூண்டுக்குள்ள கூப்பிட்டுச் சோதிப்பாங்க. எஸ்தர் அதுக்குள்ள போயிட்டா. வெளிய நானும் மூட்டையும்தான். ஆபீசர் ஹிந்தியில "திற"ன்னார். எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில "நை, நை"ன்னு மூட்டையைக் கட்டிப் பிடிச்சேன். ஒருத்தன் எதையாச்சும் கட்டிப் பிடிச்சா விடுவாங்களா? சுத்தி நாலு போலீஸ்காரங்க வந்துட்டாங்க. ஆபீசர் கை நேரா அந்தப் பளபளன்னு இருக்கிற கைப்பிடிக்குப் போச்சு. இத்தனை வருஷம் எதுக்காகக் கூட வந்தேனோ அந்த நேரம் வந்துடுச்சுன்னு, பாஞ்சு அவருக்கு முன்னாடி நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேன். கெட்டியா. உசுரே போனாலும் விடறதில்லைன்னு. அவர் பாத்தார், கைப்பிடியை விட்டுட்டு மூட்டையைப் பிடிச்சு இழுத்தார்.

மூட்டை அவர் பக்கம் போச்சு. கைப்பிடி என்ற கையிலயே நின்னுடுச்சு.

உள்ள இருந்த ஸ்பிரிங் கெண்டைமீன் மாதிரி துள்ளி அவர் தொப்பியைத் தட்டி விட்டுச்சு. அது பின்னாடியே வெள்ளைத் துணி மடமடன்னு வந்து மேசை, நாற்காலி, எக்ஸ்ரே மெஷின் எல்லாத்து மேலயும் படுத்துச்சு. ஒரு போலீஸ்காரர் தரையில குப்புற விழுந்து காதைப் பொத்திக்கிட்டார். அறுந்த சிவப்பு நூல் என்ற சட்டையில ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அந்த நேரம் பாத்து எஸ்தர் திரையை விலக்கிட்டு வெளிய வந்தா. துணியைப் பாத்தா, நூலைப் பாத்தா, என்ற கையில இருந்த கைப்பிடியைப் பாத்தா. எனக்கு அங்கயே செத்துப் போயிடலாம் போல இருந்துச்சு. ஆபீசர் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கிட்டு, துணியைத் தடவிப் பாத்து, சமாதானமாச் சொன்னதை எஸ்தர்தான் அப்புறம் எனக்குத் தமிழ்ல சொன்னா:

"நிஜமாவே பாராசூட்தானா? இதை மொதல்லயே இழுத்துக் காட்டியிருந்தா எப்பவோ விட்டிருப்பேனே."

சோதிச்ச மூட்டை

மீதி வழி பூரா எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுக்கிட்டே வந்தா. பிரசவ வலியில கூட அழாதவ. "எஸ்தர், என்னை ரெண்டு அடி அடிச்சுடு"ன்னேன். "அடிச்சா நூல் ஒட்டிக்குமாங்க?"ன்னா. ஒரு பொம்பளையோட மொத்த ஆசையும் ஒரு மிளகளவு ஈயத்துல இருந்துச்சு. அதைக் காப்பாத்தறேன்னு போனவனே அறுத்துட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சுன்னு சொல்லுவாங்க. நான் குரங்கு பிடிக்கப் போயிருந்தா கூட அதுவும் ஒழுங்கா வந்திருக்காது.

மைதானத்துக்குப் போய்ச் சேர்றப்ப சாயங்காலம். மறுநாள் காலையில தேர்வு. ரிசர்வு மடிக்கிற லைசென்ஸ்காரர் அங்க ஒருத்தர் இருந்தார், பெரிய மீசை. எல்லார் மூட்டையும் பாத்துக் கையெழுத்துப் போட்டு முடிச்சு, டீ குடிச்சுக்கிட்டிருந்தார். "இன்னிக்கு வேலை முடிஞ்சுது, நாளை மத்தியானம் பாக்கலாம்"னார். மத்தியானம் பாத்து யாருக்கு என்ன பிரயோசனம்? எஸ்தர் நடந்ததைச் சொன்னா. "யார் இழுத்தது?"ன்னார். அவ என்னைக் காட்டிக் கொடுக்கலை. எனக்கு மனசு கேக்கலை. சட்டைப் பையில இருந்து கைப்பிடியை எடுத்து நீட்டினேன்.

மனுஷர் சிரிச்ச சிரிப்புல டீ பூரா மீசையில. பத்துப் பேரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். சிரிச்சு முடிச்சதும் எந்திரிச்சு, நீளமான மேசையில துணியைப் பரப்பி, கயிறெல்லாம் கொத்தாச் சேர்த்து என்ற கையில கொடுத்து, "அசைஞ்சா மண்டையில அடிப்பேன்"னு சைகை காட்டினார். மூக்கு அரிச்சுது, சொறியலை. கொசு கடிச்சுது, விரட்டலை. இருட்டறதுக்கு முன்னாடி நூல் கட்டி முத்திரை அடிச்சுட்டார். எஸ்தர் பயந்துக்கிட்டே, "ஏர்போர்ட்ல அப்படி விரிஞ்சு போச்சே, அதனால ஏதாச்சும் குறை வருமா?"ன்னு கேட்டா. அவர் மீசையைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னார்:

"குறையா? இந்த மைதானத்துக்கு வந்திருக்கிற அத்தனை ரிசர்வுலயும், கண்டிப்பா விரியும்னு தெரிஞ்சது உன்னுது ஒண்ணுதான்."

யாருமே கேக்கலை

எஸ்தர் குதிக்கிறப்ப நான் எப்பவும் கண்ணை மூடிக்குவேன். ஜனங்க கை தட்டினா உசுரோட இறங்கிட்டான்னு அர்த்தம், அப்பத்தான் திறப்பேன். மறுநாள் காலையில மட்டும் மூட முடியலைங்க. நான் பிடிச்ச கயிறு அவ முதுகுல இருக்குதே. புள்ளியா விழுந்தா. சாமி சாமின்னு சொல்லிக்கிட்டே பாத்தேன். பெரிய பாராசூட் வாயைத் திறந்து நின்னுச்சு, ரிசர்வுக்கு வேலையே வரலை. சுத்திச் சுத்தி வந்து, மைதானத்துல போட்டிருந்த வட்டத்துக்கு நடுவுல காலை வெச்சா. இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலை. பக்கத்துல நின்னவர் தோள்ல சாஞ்சு அழுதுட்டேன். அவர் யாருன்னு இன்னிக்கும் தெரியாது. சாயங்காலம் டீம் பேர் படிச்சாங்க. எஸ்தர் பேர் இருந்துச்சு.

வெளிநாட்டுக்குக் குதிக்கிறவங்களுக்கு மட்டும்தான் டிக்கெட், புருஷன்மாருக்கு இல்லைன்னுட்டாங்க. மாமியார் மனசு உடைஞ்சு போய், "மாப்பிள்ளை இல்லாம மூட்டை எப்படிச் சாமி போய்ச் சேரும்?"னாங்க. எனக்கும் அதே கவலைதான். எக்ஸ்ரேக்காரர் கேட்டா என்ன சொல்லணும், ஈயத்துக்கு என்ன சொல்லணும், கைப்பிடியை எப்படி மறைச்சுப் பிடிக்கணும்னு எஸ்தருக்கு உக்கார வெச்சுப் பாடம் எடுத்தேன். தலையைத் தலையை ஆட்டினா. அவ போயிட்டு வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கலை.

திரும்பி வந்தப்ப ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் நின்னேன். போட்டியில நடுவால ஒரு இடம் வந்தாங்களாம். அவளுக்கு அது போதும், முகமெல்லாம் சிரிப்பு. பொண்ணு அம்மாவைக் கட்டிக்கிச்சு. நான் மூட்டையைக் கட்டிக்கிட்டேன். மொதல்ல நூலைப் பாத்தேன், அப்படியே இருந்துச்சு. ஆச்சரியம் தாங்காம, "எப்படிச் சமாளிச்சே? எந்த ஏர்போர்ட்ல ரொம்பக் கஷ்டம் கொடுத்தாங்க?"ன்னு கேட்டேன். எஸ்தர் மூட்டையையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தா. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் மெதுவாச் சொன்னா:

"யாருமே கேக்கலீங்க. 'பாராசூட்'னேன், 'போம்மா'ன்னாங்க, அத்தனை ஊர்லயும் அப்படித்தான். ஏனுங்க, எனக்கு ஒரு யோசனைங்க, இத்தனை வருஷமா அவங்க சந்தேகப்பட்டது மூட்டையைத்தானுங்களா?"

ஆகக்கூடி இந்த உத்தியோகத்துல நான் கத்துக்கிட்டது இவ்வளவுதானுங்க: எந்த மூட்டையும் தானாப் போய் மாட்டிக்கிறதில்லை, தூக்கிட்டு வர்றவன் மூஞ்சிதான் அதைக் காட்டிக் கொடுக்குது.